கனமான கிட்டார்தான் நல்ல கிட்டாரா?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் எமது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உயர்தரத்தில் எம்மிடம் பௌதிகவியல் படித்தவர். வார நாட்களில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார், வார இறுதிகளில் தென்கரையோர ஹோட்டல்களில் ஒரு குழுவோடு கிட்டார் வாசிக்கிறார். தேநீர் கொடுத்தோம். வலது கையால் கோப்பையை எடுத்தார். இடது கை மடியிலேயே கிடந்தது. என்ன என்று கேட்டதற்கு, "தோளத் தூக்க ஏலாம இரிக்கி சேர்" என்றார். டொக்டரிடம் காட்டியிருக்கிறார். ஒரு இரவுக்கு நாலு மணித்தியாலம் அந்தப் பாரத்தை ஒரே தோளில் தொங்கவிட வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

(இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைக் கீழே தொடங்க வேண்டாம். அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். நாம் இங்கே கதைப்பது மரத்தையும் நிறையையும் ஒரு பிள்ளையின் தோளையும் பற்றி.)

கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லி, சந்தியில் உள்ள அரிசிக் கடைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தோம். நாலரைக் கிலோ. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அப்படியென்றால் பத்து இறாத்தல் பாணை இரண்டு அங்குலப் பட்டியில் கட்டி, ஒரு தோளில் போட்டுக்கொண்டு நாலு மணித்தியாலம் நிற்பதற்குச் சமம். கடைக்காரர் சிரித்தார். மாணவர் சிரிக்கவில்லை.

பாரம் குறைந்த கிட்டார்கள் கிடைக்கின்றன. உள்ளே மரத்தைக் குடைந்து அறைகள் விட்டு, மேலே பலகையால் மூடிவிடுவார்கள். இந்தத் தம்பிக்கும் அது தெரியும். வாங்குவதற்கு ஏன் தயங்கினார் என்பதுதான் எம்மை எழுத வைத்தது. அவருடைய குழுவில் உள்ளவர்கள், "குடைஞ்ச மரமா? சத்தம் செத்துப் போகும் மச்சான், நல்ல கிட்டார் எண்டா கையில பாரம் தெரியணும்" என்றிருக்கிறார்கள். கொழும்பில் ஒரு கடையில் விசாரித்தால் அங்கே கதை தலைகீழ். குடைந்த உடலுக்கு விசேட நாதம் உண்டாம், அதனால் விலையும் விசேடமாம். ஒரு தரப்பு நாதம் போய்விடும் என்று பயமுறுத்துகிறது. மறுதரப்பு நாதம் கூடும் என்று காசு கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் தோள் நோகிற பிள்ளை.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு பேச்சிலும் பெரும்பகுதி மிகை. உடலைக் குடைவது முதலில் தோளுக்கான முடிவு. நாதத்தில் அது செய்யும் மாற்றம் உண்டு, ஆனால் சிறியது. அந்தச் சிறிய மாற்றத்துக்காகப் பயப்படவும் தேவையில்லை, கூடுதல் பணம் கொடுக்கவும் தேவையில்லை.

ஏன் என்று பார்ப்போம்.

குடைந்தது என்றால் சத்தம் கூடும் என்று நாமெல்லோரும் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. பாவாமார் தட்டும் றபானைப் பார்த்திருக்கிறோம், மேளத்தைப் பார்த்திருக்கிறோம், சாதாரண மரக் கிட்டாரைப் பார்த்திருக்கிறோம். அவற்றிலெல்லாம் தோலோ பலகையோ அதிர்ந்து காற்றைத் தள்ள, காற்று எமது காதுக்கு வருகிறது. மின் கிட்டார் அப்படி வேலை செய்வதில்லை. கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்அப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும். உருக்குக் கம்பி அதிரும்போது சுருளினூடான காந்தப் பாயம் மாறுகிறது, மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. பரடேயின் விதி. உயர்தரப் பிள்ளைகள் வருடா வருடம் எழுதும் அதே விடைதான். பிக்அப்புக்கு மரத்தின் சத்தம் கேட்காது, மரத்துக்குள் இருக்கும் காற்றின் சத்தமும் கேட்காது. தனக்கு மேலே கம்பி எப்படி அசைகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கம்பியின் இரண்டு முனைகளும் மரத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. முனை கொஞ்சம் அசைந்தால் கம்பியின் சக்தி அந்த வழியே வெளியேறும், சுரம் சீக்கிரம் அடங்கும். சில கிட்டார்களில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரல் வைத்தால் மட்டும் சுரம் தொப்பென்று செத்துவிடும். வாசிப்பவர்கள் இதைச் செத்த இடம் என்பார்கள். ஜேர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் என்பவர் 1990களின் இறுதியில் இதை அளந்து பார்த்தார். பெரும்பாலும் குற்றவாளி உடல் அல்ல, கழுத்துத்தான் என்று வந்தது. யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. கழுத்து நீண்டு மெலிந்தது, இலகுவில் வளைந்து அதிரும். உடல் தடித்த கட்டை, குடைந்த பிறகும் கழுத்தோடு ஒப்பிட்டால் விறைப்பானது. நாமோ உடலைப் பற்றியே சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரு சின்ன வேலை செய்தோம். ஆய்வுகூடத்தில் இருக்கும் சுரமானியின் கம்பிக்கு மேலே அந்தத் தம்பியின் பழைய பிக்அப் ஒன்றைப் பொருத்தி, ஸ்பீக்கரைப் பக்கத்து வகுப்பறையில் வைத்தோம். பிறகு அதே தடிப்புள்ள கம்பியை, அதே நீளத்தில், அதே சுரத்துக்கு, ஒரு கனமான மேசைப் பலகையில் இழுத்துக் கட்டினோம். ஆய்வுகூடத்துக்குள் நின்றவர்களுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சுரமானிப் பெட்டி உரக்கப் பாடியது, மேசை முணுமுணுத்தது. பக்கத்து வகுப்பில் ஸ்பீக்கர் முன்னால் இருந்த பிள்ளைகளோ, "சேர், இன்னும் மாத்தலயா?" என்று கேட்டார்கள். நுட்பமான அளவீடு அல்ல இது, பாடசாலை வேலை. ஆனாலும் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஜிம் லில் என்ற கிட்டார் கலைஞர் இதைவிடப் பொறுமையாகச் செய்து வீடியோவாகப் போட்டிருக்கிறார். உடலே இல்லாமல் கம்பியைக் கட்டி, ஒரு நல்ல கிட்டாரோடு வைத்துக் காட்டுகிறார். தேடிப் பாருங்கள்.

நாதத்தை நிஜமாகவே மாற்றுபவை வேறு. பிக்அப் கம்பி தாங்கியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கம்பிக்கு எவ்வளவு கிட்ட உயர்த்தியிருக்கிறது, ஒலி கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருக்கும் தடை 250 கிலோ ஓமா 500 கிலோ ஓமா, வயர் எவ்வளவு நீளம், கம்பி புதிதா பழையதா, கடைசியாக அந்த ஸ்பீக்கர். இவற்றில் பாதியை ஒரு ஸ்குரூட்ரைவரால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். அதைச் செய்யாமல் மரத்துக்கு லட்சக் கணக்கில் கொடுப்பவர்களைப் பார்த்தால் எமக்குக் கவலையாக இருக்கிறது.

இப்போது வரலாறு. பாரம்தான் தரம் என்பவர்கள் ஏதோ முன்னோர் வகுத்த சட்டம் போலக் கதைக்கிறார்கள். முன்னோர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

1940 அளவில் லெஸ் போல் என்ற அமெரிக்கர், எபிஃபோன் தொழிற்சாலையில் இருந்துகொண்டு, நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் கம்பி கட்டி ஒரு கிட்டார் செய்தார். கட்டை என்றே அதற்குப் பெயர். அதை வைத்து வாசித்தபோது சனம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பழைய எபிஃபோன் கிட்டாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு போனார், அப்போதுதான் கைதட்டினார்கள். வேலை செய்தது நடுக்கட்டை. பக்கத்து வெற்றுப் பெட்டிகள் பார்வைக்கு. சனம் கண்ணால்தான் கேட்கிறது என்பதை அவர் அன்றைக்கே கண்டுகொண்டார்.

அவர் பெயரில் கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட கிட்டார்தான் பாரத்துக்குப் பேர்போனது. மஹோகனி உடல், மேலே மேப்பிள் பலகை. ஆரம்ப காலத்தவை பெரும்பாலும் எட்டரை, ஒன்பது இறாத்தல் அளவில் நின்றன. 1970களில் வந்தவற்றில் பத்து, பன்னிரண்டு இறாத்தல்கூட உண்டு. 1980களின் ஆரம்பத்தில் அந்த நிறுவனம் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தது. மேப்பிள் பலகையை ஒட்டுவதற்கு முன் மஹோகனியில் ஒன்பது வட்டத் துளைகளைத் துளைத்தது. மேலே மூடிவிட்டால் வெளியே தெரியாது. வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வருடக் கணக்காகத் தெரியவும் இல்லை. முழுக்கட்டை என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இந்த நாதம் முழுக்கட்டையில்தான் வரும் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு திரிந்தார்கள். உள்ளே ஒன்பது ஓட்டை.

எமக்கு இந்தக் கதையில் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. காது ஏமாறவில்லை, ஏனென்றால் காதுக்கு அங்கே குறை எதுவும் படவில்லை. ஆனால் துளைத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால்தான் 2000களின் நடுப்பகுதியில் அதே நிறுவனம் துளைகளைத் தாண்டிப் பெரிய அறைகளாகவே குடையத் தொடங்கியபோது அவ்வளவு கூச்சல் எழுந்தது. மக்களுக்கு ஓட்டையை விட, தெரியாமல் செய்தார்கள் என்பதுதான் உறுத்தியது. 2019இல்தான் வரிசை தெளிவாகப் பிரிந்தது. பழைய பாணி வேண்டுவோருக்குக் குடையாத ஸ்டான்டர்ட், பாரம் குறைய வேண்டுவோருக்குக் குடைந்த மொடர்ன். நாற்பது வருடத்துக்கு முன்னரே இப்படி எழுதி விற்றிருந்தால் பாதிச் சண்டை இல்லை.

மற்றவர்கள் இவ்வளவு மறைக்கவில்லை. கிரெட்ச் நிறுவனத்தின் டுவோ ஜெட் 1953இலேயே உள்ளே நன்றாகக் குடைந்துதான் வந்தது. பார்வைக்கு முழுக்கட்டை போல இருக்கும். பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் இளவயதில் வாசித்தது 1957ஆம் ஆண்டு டுவோ ஜெட் ஒன்றைத்தான். அதில் நாதம் செத்துப்போனது என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஃபெண்டர் நிறுவனத்துக்கு வந்த பிரச்சினை வேறு. அவர்களின் டெலிகாஸ்டர் ஆஷ் மரத்தில் செய்யப்பட்டது, 1960களின் பிற்பகுதியில் பாரம் குறைந்த ஆஷ் கிடைப்பது கஷ்டமானது. அங்கே வேலை செய்த ஜேர்மனியர் ரொஜர் ரொஸ்மைசல் கட்டையைக் குடைந்து, 1968இல் தின்லைன் என்ற வகை வந்தது. ஆஷ் பஞ்சம் இன்றும் தீரவில்லை. மரத்தை அரிக்கும் ஒரு பச்சை வண்டும் மிஸிசிப்பிக் கரை வெள்ளமும் சேர்ந்து அடித்ததில், தமது வழமையான உற்பத்தியில் ஆஷ் பாவனையைக் குறைப்பதாக 2020இல் ஃபெண்டர் அறிவித்தது. இலேசான நல்ல மரம் குறையக் குறைய, கனமான மரத்தைக் குடைவதைத் தவிர வேறு வழி இருக்கப்போவதில்லை.

எமக்கு மிகப் பிடித்த கதை பிரையன் மேயினுடையது. குவீன் குழுவின் கிட்டார்காரர். 1963இல் பாடசாலைப் பையனாக இருந்தபோது வாங்கக் காசில்லாமல் தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்தார். கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம், நடுக்கட்டை பழைய மேசையின் ஓக், விரலிடத்து அடையாளப் புள்ளிகள் உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். உள்ளே வேண்டுமென்றே அறைகள் விட்டார். ஸ்பீக்கரின் ஒலி திரும்பி வந்து கிட்டாரை அதிரவைத்து, சுரம் தானாக நீண்டு நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிற்பாடு முழு உலகமும் கேட்டது அந்தக் கிட்டாரைத்தான். தகப்பனுக்கு நேரம் இருந்தது, பையனுக்குப் பொறுமை இருந்தது. எமது பிள்ளைகளுக்கு இரண்டும் கிடைப்பதில்லை, அது வேறு பதிவு.

பிரையன் மேயின் கதையில் குடைவின் உண்மையான விளைவு ஒன்று இருக்கிறது. பள்ளிவாசலில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் கூ என்று ஊளையிடுமே, அதேதான். சத்தம் உரத்து வரும்போது காற்று கிட்டாரின் மேற்பலகையைத் தள்ளும், பலகை கம்பியை அசைக்கும், பிக்அப் அதை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். மேற்பலகை மெல்லிதாகவும் உள்ளே பெரிய வெற்றிடமும் இருந்தால் இந்த வட்டம் சுலபமாகத் தொடங்கிவிடும். மேலே திறப்பும் இருந்தால் இன்னும் மோசம். பி.பி. கிங் தன் கிட்டாரின் திறப்புகளுக்குள் துணியைத் திணித்து வாசித்தவர். 1980இல் கிப்சன் அவருக்காகத் திறப்பே இல்லாத லூசில் வகையைச் செய்து கொடுத்தது. ஆகவே குடைவால் எந்த மாற்றமும் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்பவர்களும் மேடையில் நின்று பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, எமது மாணவருக்கு என்ன செய்தோம்?

அவருடைய கிட்டார் டெலிகாஸ்டர் அமைப்பு. கழுத்து நாலு திருகாணியில்தான் நிற்கிறது, கழற்றலாம். ஊரில் எமக்குத் தெரிந்த ஓடாவி நானா ஒருவர் இருக்கிறார். கதவும் கட்டிலும் செய்பவர், ரூட்டர் மெஷின் வைத்திருக்கிறார். அவரிடம் காய்ந்த மஹோகனிப் பலகை இருந்தது. பிரித்தானியர் காலத்தில் இங்கே கொண்டுவந்து நட்ட பெரிய இலை மஹோகனியும், கிட்டார்காரர்கள் ஹொண்டுராஸ் மஹோகனி என்று பெருமையாகச் சொல்வதும் ஒரே இனம்தான். எமது அலுமாரிகள் எல்லாம் அந்த மரம். நானா முதலில், "கிட்டாரா? நமக்கு என்னத்துக்கு சேர்" என்றார். தோள் விடயத்தைச் சொன்னதும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

கணக்கு இலகு. மஹோகனியில் ஒரு லீற்றர் மரம் ஏறக்குறைய 550 கிராம். இரண்டு பக்கமும் குடைந்து ஒன்றேகால் லீற்றர் எடுத்தால் எழுநூறு கிராம் போகும். நடுவில் கழுத்திலிருந்து கீழ்முனை வரை ஒரு துண்டும் குடையாமல் விட்டோம், கம்பி தாங்கி அங்கேதான் நிற்கிறது. பட்டி மாட்டும் ஆணிகள் இருக்கும் இடத்திலும் மரத்தை விட்டோம். மேற்பலகையை அதிகம் மெல்லிதாக்க வேண்டாம் என்று நானாவே சொன்னார், கடற்கரை ஈரப்பதனில் வெடிக்கும் என்று. திறப்பு எதுவும் வெட்டவில்லை.

முடிந்த பிறகு அதே தராசு. மூன்று கிலோ இருநூறு. குறைந்தது ஒரு கிலோ முந்நூறு. அதில் ஏறக்குறைய பாதிதான் குடைவால் வந்தது. மற்றப் பாதி, பழைய உடலின் கனத்த மரத்தை விட்டு இலேசான மரத்துக்கு மாறியதால் வந்தது. கிட்டார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். குடைந்தது என்ற சொல்லைப் பார்க்காமல் தராசைக் கொண்டு போங்கள். குடைந்த கனத்த மரம் குடையாத இலேசான மரத்தைவிடப் பாரமாக இருக்கலாம்.

பழைய உடலில் இருக்கும்போதே ஒரு பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தோம். அதே வகைப் புதுக் கம்பி போட்டு, பிக்அப் உயரத்தை அளந்து அதே அளவுக்கு வைத்து, புதிய உடலிலும் பதிவு செய்தோம். வகுப்பில் மாறி மாறிப் போட்டுக் காட்டினோம். எவராலும் தொடர்ந்து சரியாகச் சொல்ல முடியவில்லை. எல்லோரையும்விட உறுதியாகக் கையை உயர்த்திய பிள்ளை இரண்டையும் மாற்றிச் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உடல் இலேசானதும் கழுத்துப் பக்கம் கீழே சரியத் தொடங்கியது. தலையில் உள்ள முறுக்காணிகள் உலோகம், அவற்றின் பாரம் குறையவில்லையே. அதைத் தாங்க இடது கை வேலை செய்தால் பழைய நோவு வேறு இடத்தில் வரும். வழுக்காத, உட்பக்கம் சொரசொரப்பான மூன்றங்குலத் தோல் பட்டி ஒன்று வாங்கிப் போட்டதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. இன்னொன்று, சத்தத்தை முழுதாகத் திறந்தால் ஒரு சுரத்தில் மட்டும் ஊளை தொடங்குகிறது. ஸ்பீக்கரை நேருக்கு நேர் பார்க்காமல் ஒரு எட்டு விலகி நின்றால் நிற்கிறது. மரத்துக்கும் கூலிக்கும் ஆன செலவு, கொழும்புக் கடை குடைவுக்காக மேலதிகமாகக் கேட்ட பணத்தில் கால்வாசிகூட இல்லை.

தோள் ஒரே நாளில் சுகமாகவில்லை. பயிற்சிக்குப் போகிறார். ஆனால் போன கிழமை வந்தபோது கோப்பையை இடது கையால் எடுத்தார்.

மூன்று வார இறுதிகளாக அந்தக் கிட்டாரோடுதான் வாசிக்கிறார். புது உடலுக்குக் கறுப்புப் பூச்சு அடித்தோம், திறப்பு இல்லை, பார்த்தால் முழுக்கட்டை. குழுவில் உள்ளவர்கள், "மஹோகனி மரம் மச்சான், அதுதான் இப்பிடிக் கனமா சத்தம் வருது" என்று மெச்சினார்களாம். உள்ளே குடைந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்லாமல் துளைத்த நிறுவனத்தை இவ்வளவு ஏசிவிட்டு நாமும் மறைப்பது சரியில்லை, சொல்லிவிடுங்கள் என்றோம். வருகிற சனிக்கிழமை, வாசித்து முடித்த பிறகு சொல்கிறேன் சேர் என்றிருக்கிறார்.